மேலே ஏறாத செய்தி

மயூர் விஹார்,
டெல்லி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். நிறுவனத் தொடர்பியல் படிக்க ஆசைப்படுகிறாய். "ஆபீஸில் எப்படிப் பேசுவது என்பதற்கெல்லாம் ஒரு பட்டமா?" என்று அப்பா கிண்டல் செய்கிறார், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் அத்தை என்கிறாய். என் தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். காலமெல்லாம் வங்கியில் இருந்தவன் அவன். தலைமை அலுவலக சர்க்குலரை யாரும் படிக்காமல் கோப்பில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் வந்து சண்டை போட்ட பிறகு தேடி எடுத்த கதைகளை அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். உன் மகள் படிக்கப்போவது அந்தக் கதையைத்தானடா என்று சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீயும் இதைக் கொஞ்சம் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய். பிரஸ் மீட், பிராண்ட், சோஷியல் மீடியா, சேர்மனுக்கு உரை எழுதித் தருவது என்றே பேசுகிறாய். லோதி ரோட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், அதெல்லாம் உண்டு. ரிப்பன் வெட்டும் படத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்பதிலேயே அரை நாள் போகும். ஆனால் இந்தத் துறையின் உயிர்நாடியான கேள்வி வேறு. கீழே இருப்பவனுக்குத் தெரிந்த கெட்ட செய்தி, முடிவெடுப்பவரின் மேசைக்கு நேரத்தோடு போய்ச் சேருகிறதா?

எங்கள் பணியிடம் ஒன்றிலிருந்து வந்த ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. சைட் சூப்பர்வைசர் தன் கைப்பட இந்தியில் எழுதியிருந்தார்: சாரப்பலகை உளுத்துப்போயிருக்கிறது, ஆள் ஏறினால் விழுவான். அடுத்த மேசையில் அது ஆங்கிலத்துக்கு மாறி, சில பலகைகளுக்குப் பராமரிப்பு தேவைப்படுகிறது என்று ஆனது. அதற்கும் மேலே பச்சை நோட் ஷீட்டில், பராமரிப்புப் பணிகள் பரிசீலனையில் உள்ளன என்று முடிந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. தனக்கு மேலே இருப்பவர் முகம் சுளிக்கக்கூடாதே என்று ஆளுக்குக் கொஞ்சம் கூர்மையை மழுக்கினார்கள், அவ்வளவுதான். கையெழுத்துகளெல்லாம் முறைப்படி இருந்தன. அந்த சூப்பர்வைசர் நேராகத் தலைமையகத்துக்கே போன் போட்டுக் கத்திய பிறகுதான் பலகையை மாற்ற ஆள் போனது.

எந்த ஊரில் இந்தப் பாடத்தைப் படித்தாலும் உனக்கு 1986 ஜனவரி 28-ஐப் பற்றிச் சொல்வார்கள். அன்றுதான் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே வாதாடியிருந்தார்கள். அவர்களுடைய மேலாளர்களே அதை ஒதுக்கித் தள்ளினார்கள். ஏவலாம் என்று கடைசியாக முடிவெடுத்தவர்களுக்கு அப்படி ஓர் எதிர்ப்பு எழுந்ததே தெரியாது என்று விசாரணைக் குழு சொன்னது. அங்கே நாசா, இங்கே நம் சாரப்பலகை. நோய் ஒன்றுதான்.

அமெரிக்கா போவானேன், டெல்லி மெட்ரோவையே எடுத்துக்கொள். அதைக் கட்டும் பணிக்குத் தலைமை தாங்கிய இ. ஸ்ரீதரன், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பலகைகளை மாட்டி வைத்திருந்தார். மேலாளருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே எண். உள்தொடர்பு என்று புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுவதை இதைவிடச் சுருக்கமாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. சாலையைத் தோண்டப்போகும் பகுதிகளில் குடியிருப்போரைக் கூட்டிப் பேசுவதும் மெட்ரோவின் வழக்கம்.

அதே மெட்ரோவில் 2009 ஜூலை 12 அதிகாலை, ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த பாலம் இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். அன்றே ஸ்ரீதரன் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து, பொறுப்பு என்னுடையது என்று பதவி விலகினார். முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. நெருக்கடி காலத் தொடர்புக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் இதைச் சொல்வார்கள். சொல்லட்டும், பெரிய மனிதர்தான். ஆனால் அந்தப் பாலத்தின் தூண் ஒன்றில் முன்பே விரிசல் கண்டு, வேலையை நிறுத்தி, சரிசெய்த பிறகே மறுபடி தொடங்கினார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. அந்த விரிசல் பற்றிய தகவல் யார் யார் கையில் போனது, ஒவ்வொரு கையிலும் எப்படி மாறியது? நீ வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி அது. கடைசி நாள் பேச்சைக் கற்றுக்கொள்வது சுலபம்.

2025 பிப்ரவரி 15 இரவு புது டெல்லி ரயில் நிலையத்தில் நெரிசலில் 18 பேர் இறந்தது உனக்கு நினைவிருக்கும். கும்பமேளாக் கூட்டம். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ், பிரயாக்ராஜ் ஸ்பெஷல் என்று ஒரே மாதிரிப் பெயர். அறிவிப்பு குழப்பிவிட்டது என்று டெல்லி காவல்துறை சொன்னது. ஒரு பயணியின் தலைச்சுமை விழுந்ததில்தான் எல்லாம் தொடங்கியது என்று ரயில்வே அமைச்சர் பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னார். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒலிபெருக்கியில் எந்தச் சொல்லை எந்த வரிசையில் சொல்வது என்பதுகூட உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அதை ஒழுங்காக யோசிக்க ஆள் வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடமாகவே வளர்ந்தது. பர்டூவில் சார்லஸ் ரெடிங் அதற்கு அடித்தளம் போட்டார். டெல்லியில் அதே பெயரைத் தேடினால் அலைய வேண்டியதுதான், வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. ஐ.ஐ.எம்.சி. எனப்படும் இந்திய வெகுஜனத் தொடர்பியல் நிறுவனம் 1965-ல் தொடங்கியது; அதன் விளம்பரம், மக்கள் தொடர்பு டிப்ளமோவுக்கு இந்த வட்டாரத்தில் மதிப்பு அதிகம். 2024-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான பின் ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷனில் எம்.ஏ.வும் வந்திருக்கிறது. ஜாமியாவின் ஏ.ஜே.கே. மையம் 1982-லிருந்து பெயர் பெற்றது, ஆனால் அங்கே கேமராவுக்குத்தான் முதல் மரியாதை. துவாரகாவில் இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் மனிதவள மேலாண்மையில் ஒரு தாளும், தொழிலாளர் சட்டத்தில் ஒரு தாளும் கேட்டு வாங்கிப் படி. தொடர்பியல் மட்டும் படித்து வருகிற பிள்ளைகளுக்குச் சம்பளப் பட்டியலைக்கூடப் படிக்கத் தெரிவதில்லை.

வேலையைப் பற்றி அப்பா கேட்பார். சிவில் சர்வீஸ் தேர்வு எழுதினால் இந்தியத் தகவல் பணி; அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி. போன்ற இடங்கள். அதற்கான பயிற்சியும் ஐ.ஐ.எம்.சி.யில்தான். பொதுத்துறை நிறுவனங்களில் என் மாதிரி வேலை. குருகிராமில் பி.ஆர். ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கொஞ்ச காலம் இருந்தால் கை வேகம் வரும், அதோடு கிளம்பிவிடு என்பது என் எண்ணம். பலர் கவனிக்காத இடம் ஒன்று சொல்கிறேன். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் முக்கிய நிகழ்வுகளை உடனுக்குடன் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2015-ல் செபி விதி வகுத்தது. பெரிய கம்பெனிகள் ஆயிரம், தொழிலாளர் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பற்றியெல்லாம் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று பிறகு வந்தது. பத்துத் துறைகளிலிருந்து உண்மையைக் கறந்து இதை எழுதித் தரும் ஆளுக்கு நல்ல தேவை இருக்கிறது. மினுக்கு இல்லாத வேலை, ஆனால் உள்ளே நடப்பது எல்லாம் கையில் வந்து சேரும்.

இந்தியை இப்போதே தொடங்கு. அரசியலை மேடைக்கு விட்டுவிடு. ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளி உன்னிடம் பலகை உளுத்துவிட்டது என்று சொல்லும்போது இடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்கக் கூடாது.

ஐ.ஐ.எம்.சி. டிப்ளமோவுக்கு சி.யு.இ.டி-பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தேதியைத் தவறவிடாதே. செமஸ்டர் விடுமுறைக்கு இங்கே வா, மேலே சொன்ன இடங்களையெல்லாம் நேரில் பார்த்துவிடலாம். வருவதற்கு முன் ஒன்று செய். உங்கள் கல்லூரியில் தேர்வுத் தேதி மாறினால், அந்தச் செய்தி தேர்வு அலுவலகத்திலிருந்து விடுதியில் இருக்கும் மாணவிக்கு எந்த வழியாக, யார் யார் வாயாக, எத்தனை மணி நேரத்தில் வருகிறது, நடுவில் எங்கே பிசகுகிறது என்று விசாரித்து எழுது. ஆபீஸ் பியூனிடமும் பேசு. எழுதியதை முதலில் அப்பாவிடம் காட்டிவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை