அம்மா ஏறக்கூடிய படகு

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான், கணவர், 11, 7 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தத்தோடு 70 வயது அம்மா. கோடையில் ஏதாவதொரு ஏரியில் சும்மா மிதந்து, சாப்பிட்டு, தூண்டில் போட்டு வர ஒரு படகு வாங்க ஆசை. கையில் 6,000 டொலர் இருக்கிறது. கணவருக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் பழைய 18 அடி ஃபைபர் படகை, உள்ளே பொருத்திய 135 குதிரைவலு எஞ்சினோடும் ட்ரெயிலரோடும் 5,500க்குத் தருகிறாராம். இந்த விலைக்கு இனிக் கிடைக்காது என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அப்படியான படகுகள் ஒவ்வொரு வசந்தத்திலும் விற்பனைக்கு வரும். ஏன் வருகின்றன என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

உள்ளே பொருத்திய எஞ்சினில் குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒரு வருடம் மறந்தாலே போதும், உறைந்து விரியும் தண்ணீர் எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அடுத்தது தரை. பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் தரைக்கும் பின்சுவருக்கும் உள்ளே மரம் இருக்கும். நடக்கும்போது கால் மெத்தையில் அமுங்குவதுபோல் அமுங்கினால் மரம் உக்கிவிட்டது. திருத்தும் செலவு படகின் விலையைத் தாண்டும். போதாக்குறைக்கு, ட்ரெயிலரோடு 3,000 இறாத்தல் அளவுக்கு நிற்கும் பாரம் அது. குடும்ப வான் அதற்குத் திணறும்.

உங்கள் கடிதத்தில் வேகம் என்ற சொல்லே இல்லை. உங்களுக்குப் போதுமானது 14 அடி அலுமினியப் படகும், பின்னால் பூட்டும் 9.9 குதிரைவலு எஞ்சினும். ட்ரெயிலரோடு சேர்த்தாலும் 1,000 இறாத்தலைத் தாண்டாது. தேடினால் உங்கள் தொகைக்குள் வந்து, மிச்சமும் இருக்கும். அதென்ன 9.9 என்று கேட்பீர்கள். கனடாவில் 10 குதிரைவலுவிலிருந்துதான் படகுக்கு அனுமதி இலக்கம் எடுக்க வேண்டும். 9.9க்கு அது தேவையில்லை. ஆனால் ஓட்டுபவருக்கான அட்டை எந்த எஞ்சினுக்கும் வேண்டும். ஒருமுறை சோதனையில் தேறினால் ஆயுளுக்கும் செல்லும். கணவர் மட்டும் எடுத்தால் போதாது, நீங்களும் எடுங்கள்.

பார்க்கப் போகும்போது முதல் வேலையாக எஞ்சின் மூடியில் கையை வையுங்கள். என் முதல் படகை வாங்கப் போன அன்று அது சூடாக இருந்தது. "இப்பதான் ஓட்டிப் பார்த்தனான்" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். அடுத்த ஞாயிறு, ஆறு பேர் புட்டுப் பார்சலோடு காத்திருக்க, கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்மூட்டுதான் கழன்றது. ஆறிய எஞ்சின் உங்கள் கண்முன்னே உயிர்பிடிக்க வேண்டும். பக்கத்துத் துளையால் தண்ணீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். ட்ரெயிலரில் நிற்கும் படகின் பின்பகுதியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கீழே குனிந்து பாருங்கள். எந்த ரிவெட் ஆணி ஒழுகுகிறது என்று அதுவே காட்டித்தரும்.

இனி அம்மா. சின்னப் படகு, ஓரத்தில் கால் வைத்ததும் சரியும்; விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கவும் வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு அது தண்டனை. அதோடு ஐந்து பேரும் சாப்பாட்டுப் பெட்டியும் ஏறினால் படகில் ஒட்டியிருக்கும் பார எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அவருக்கு ஏற்றது, இரண்டு மூன்று உருளைகளின் மேல் தட்டையான தளம் போட்ட பொன்டூன். துறையிலிருந்து வீட்டுக்குள் நுழைவதுபோல் நடந்து ஏறலாம். உங்கள் தொகைக்கு நல்ல பொன்டூன் வராது, வாங்கவும் வேண்டாம். அம்மா வரும் இரண்டு மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களுக்கு நீங்கள் நால்வரும் அலுமினியமும்.

முதல் வருடம் சிம்கோ ஏரியின் நடுப்பக்கம் போகாதீர்கள். காற்று எழும்பினால் குறுகிய, செங்குத்தான அலை வரும். ஸ்கூகொக் ஏரி அமைதிதான், ஆனால் ஆழமில்லை. நீர்த்தாவரம் விசிறியில் சுற்றும். துடுப்பு கட்டாயம் இருக்கட்டும்.

மிச்சக் காசில் உயிர்காப்பு அங்கி. மே மாதத்தில் வெயில் சுட்டாலும் தண்ணீர் ஐஸ்தான். நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் சொல்வழி கேட்காது. ஆகவே இருக்கைக்குக் கீழே வைப்பதல்ல, உடம்பில் போடுவது. வளரும் பிள்ளைதானே என்று பள்ளிச் சட்டையை ஓரளவு பெரிதாக எடுப்போமே, அதை இங்கே செய்யாதீர்கள். கடையிலேயே மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். நாடி உள்ளே புதைந்தால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல.

மறக்குமுன் ஒன்று. படகை றோட்டால் கொண்டுபோகும்போது அடியில் உள்ள தக்கையைக் கழற்றி வைப்பது ஒன்ராறியோவில் சட்டம். ஒரு ஏரியின் சிப்பி இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்பதற்காக. திரும்ப மாட்ட மறந்து, இறக்கிய இடத்திலேயே படகைத் தாழவிட்டவர்கள் கனபேர். தக்கையை வான் திறப்போடு கட்டி வையுங்கள்.