உறங்கும் கணினி விழிக்க மறுத்தால்

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று பால்மரம் சீவும் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு, உரிய நேரத்தில் விழித்தெழுவதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் எழத் தவறினால் அன்றைய வேலை கெடும், வருமானமும் குறையும். அதுபோலவே, இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ள கணினியும் சில வேளைகளில் உறக்கத்தினின்று எழ மறுத்து, வீட்டாரைக் கலங்க வைக்கின்றது. அத்தகைய நேரத்தில் செய்யத்தக்கவை யாவை, செய்யத்தகாதவை யாவை என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டிற்கே வந்தன. அக்காலத்தில் பல பெற்றோர் தம் சேமிப்பை எடுத்தும், கடன் பெற்றும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கித் தந்தனர். ஆகவே, தோட்டத்து வீட்டில் உள்ள கணினி வெறும் இயந்திரமன்று. அது பெற்றோரின் வியர்வை. அதனைக் காக்கும் அறிவு வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

சில காலத்திற்கு முன், ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு நாம் பணி நிமித்தம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும் மரம் சீவும் தொழிலாளி ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, கம்ப்யூட்டர் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று தயங்கியபடியே வினவினார். ஆறாம் படிவத்தில் பயிலும் அவருடைய மகள், பல இரவுகள் கண் விழித்து ஓர் இடுபணியைத் தட்டச்சுச் செய்திருக்கின்றாள். ஒருநாள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு உண்ணச் சென்றவள், திரும்பி வந்து திறந்தபோது திரை இருண்டு கிடந்தது. எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. உள்ளே விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

மறுநாள் தந்தையார் அதனைப் பட்டணத்துக் கடை ஒன்றிற்கு எடுத்துச் சென்றார். அங்கே கணினியின் சேமிப்பகத்தை முற்றாகத் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார்கள். கூலியும் பெற்றுக்கொண்டார்கள். ஆயின் மகள் எழுதிய இடுபணியும், குடும்பப் படங்களும் அத்தோடு போயின. ஒரு வாரம் கழித்து, அதே கணினி அதே போல் மீண்டும் விழிக்க மறுத்தது! "கூலி போனது போகட்டும் ஐயா, பிள்ளை எழுதியது போய்விட்டதே" என்று அவர் கூறியபோது, ஆறுதல் சொல்ல நமக்குச் சொற்கள் கிட்டவில்லை.

இதில் தந்தையைக் குறை கூற இயலாது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கப்பட்டதே தவறு. எனவே, முதலில் நோயை அறிவோம்.

கணினியின் உறக்கம் என்பது யாது?

கணினிக்கு இரண்டு வகையான நினைவுகள் உண்டு. ஒன்று, வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். இதனைச் சிலேட்டுப் பலகைக்கு ஒப்பிடலாம். மின்சாரம் இருக்கும்வரை எழுத்து நிற்கும். மின்சாரம் நின்றால் எழுத்து அழியும். மற்றொன்று, நிலையான சேமிப்பகம். இதனைக் குறிப்பேட்டுக்கு ஒப்பிடலாம். மின்சாரம் நின்றாலும் இதில் எழுதியது அழியாது.

கணினியை ஓய்வுறச் செய்யும் வழிகள் மூன்று. முதலாவது 'ஸ்லீப்' எனப்படும் உறக்கம். இதில் திரை அணையும். பெரும்பாலான உறுப்புகள் அடங்கும். ஆயினும் சிலேட்டில் உள்ளது அழியாதிருக்கச் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது 'ஹைபர்னேட்' எனப்படும் ஆழ்ந்த உறக்கம். இதில் சிலேட்டில் உள்ளது அனைத்தும் குறிப்பேட்டில் படியெடுக்கப்பட்டு, அதன்பின் மின்சாரம் முற்றாக நிற்கும். மூன்றாவது 'ஷட் டவுன்' எனப்படும் முழு நிறுத்தம்.

உறக்கத்தினின்று எழும்போது, திரையை இயக்கும் பகுதி, விசைப்பலகை, இணையத் தொடர்பு முதலிய ஒவ்வோர் உறுப்பும் தத்தம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பெரட்டில் பெயர் வாசிக்கப்படும்போது ஒவ்வொருவரும் மறுமொழி கூறுவதைப் போன்றது இது. ஓர் உறுப்பு மறுமொழி கூறத் தவறினாலும் கணினி தடுமாறும். அவ்வாறு தவறுவது பெரும்பாலும் உறுப்பன்று. அவ்வுறுப்பை இயக்கும் 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருளே. சிறப்பாக, திரைக்குரிய இயக்கியே அடிக்கடி இத்தொல்லையைத் தருகின்றது. கணினி விழித்தே இருக்கும். திரை மட்டும் இருண்டிருக்கும்.

உடனடியாகச் செய்யவேண்டியவை

கீழ்க்காணும் படிகளை வரிசை மாறாமல் செய்தல் வேண்டும். எளியதும் தீங்கற்றதும் முதலில், கடினமானது கடைசியில்.

முதற்படி: கவனித்தல். எதையும் அழுத்துமுன் கணினியைப் பாருங்கள். சிறு விளக்கு எரிகின்றதா, விட்டுவிட்டு மின்னுகின்றதா? விசிறி ஓசை கேட்கின்றதா? விளக்கே இல்லையெனின், மின்கலம் தீர்ந்திருக்கலாம். சார்ஜரை இணைத்துக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். சுவரிலுள்ள சுவிட்சு போடப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

இரண்டாம் படி: எழுப்புதல். விசைப்பலகையில் ஏதேனும் ஒரு விசையை அழுத்துங்கள். பயனில்லையெனின், மின் பொத்தானை ஒரே ஒரு முறை, சுருக்கமாக அழுத்தி விடுங்கள். பின்னர் ஒரு நிமிடம் காத்திருங்கள். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தினால், எழத் தொடங்கிய கணினி மீண்டும் உறங்கச் செல்லக்கூடும்.

மூன்றாம் படி: சோதித்தல். 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால், கணினி விழித்திருக்கின்றது. திரை மட்டுமே உறங்குகின்றது என்பது பொருள். சில மடிக்கணினிகளில் இவ்விளக்கு இல்லை. அவற்றில் அடுத்த படியை நேரே செய்து பார்க்கலாம்.

நான்காம் படி: திரையை எழுப்புதல். மேசைக் கணினியாயின், திரையின் மின் பொத்தானையும் கம்பி இணைப்பையும் சரிபாருங்கள். மடிக்கணினியாயின், திரையின் ஒளியைக் கூட்டும் விசையை அழுத்துங்கள். அதன்பின் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தாகிய 'பி'யை அழுத்துங்கள். இது திரையின் இயக்கியைப் புதிதாகத் தொடங்கச் செய்யும் கட்டளை. ஒரு சிற்றோசை எழுந்து, திரை ஒளி பெறக்கூடும். இதனால் எழுதிவைத்த வேலைக்குத் தீங்கு நேராது. தொலைக்காட்சிப் பெட்டியோடு கணினியை இணைத்துப் படம் பார்த்திருப்பின், அக்கம்பியைக் கழற்றிப் பாருங்கள். காட்சி அங்கே சென்றுகொண்டிருக்கலாம்.

ஐந்தாம் படி: சுமையைக் குறைத்தல். பென்டிரைவ், அச்சுப்பொறி, வெளியில் இணைத்த மௌஸ் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

ஆறாம் படி: கட்டாய நிறுத்தம். மேற்கூறிய யாவும் பயனளிக்காதபோது மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும். மின் பொத்தானைச் சுமார் பத்து விநாடி விடாமல் அழுத்தினால் கணினி முற்றாக நிற்கும். அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். சிலேட்டில் இருந்து, குறிப்பேட்டில் ஏறாதவை இதனால் அழியும் என்பதை மறவாதீர்கள். ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டா. 'வேர்டு' மென்பொருள், தனக்குள் குறித்த இடைவெளியில் மீட்புப் படி ஒன்றை எடுத்து வைக்கின்றது; மாற்றாதிருப்பின் அவ்விடைவெளி 10 நிமிடமாகும். கணினி எழுந்ததும் முதலில் வேர்டைத் திறந்து, மீட்கப்பட்ட கோப்பு காட்டப்படுகின்றதா எனப் பாருங்கள். நாம் மேலே கண்ட மாணவியின் இடுபணியும் அவ்வாறு கிடைத்திருக்கக்கூடும். சேமிப்பகம் துடைக்கப்பட்டதால் அவ்வாய்ப்பும் அற்றுப்போயிற்று.

மீண்டும் நேராதிருக்க

ஒருமுறை எழுப்பிவிட்டால் போதாது. காரணத்தைக் களைதல் வேண்டும். இதற்கு மாணவர்களாகிய பிள்ளைகள் துணை செய்யலாம்.

முதலாவதாக, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். ஷட் டவுன் செய்தாலே புதிதாகத் தொடங்கும் எனப் பலரும் எண்ணுகின்றனர். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் ஏற்பாடு இயங்குமாயின், ஷட் டவுன் செய்யும்போதும் பழைய நிலையின் ஒரு பகுதி குறிப்பேட்டில் வைக்கப்பட்டு மறுநாள் எடுத்தாளப்படும். பழைய கோளாறும் அதனோடு வந்துவிடலாம். தொல்லை தொடருமாயின், 'கண்ட்ரோல் பேனல்' பகுதியில் 'பவர் ஆப்ஷன்ஸ்' சென்று, மின் பொத்தானின் வேலையைத் தீர்மானிக்கும் பக்கத்தில் இவ்வேற்பாட்டை நிறுத்திவிடலாம்.

இரண்டாவதாக, விண்டோஸ் புதுப்பிப்புகளை நிறுவுங்கள். திரைக்குரிய இயக்கியைக் கணினி உற்பத்தியாளரின் இணையத்தளத்தினின்றே பெறுங்கள். அறியாத தளங்களில் பெறுதல் ஆகாது. ஒரு புதுப்பிப்புக்குப் பின்னரே தொல்லை தொடங்கியதெனின், 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் திரை இயக்கியைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் வசதி உள்ளதா எனப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது என்பதையும், பழைய கணினி வாங்குவோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, விசைப்பலகையை அழுத்தி எழாமல், மின் பொத்தானை அழுத்தினால் மட்டும் கணினி எழுகின்றதாயின், அது பழுதன்று. அதே டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகைக்கு எழுப்பும் அனுமதி கொடுக்கப்படாதிருக்கலாம். அதற்குரிய கட்டத்தில் குறியிட்டால் போதும்.

நான்காவதாக, காந்தத்தைத் தள்ளி வையுங்கள். மூடி மூடப்பட்டதை அறிய, பல மடிக்கணினிகளில் காந்தத்தை உணரும் சிறு கருவி உள்ளது. காந்தப் பூட்டுடைய கைப்பேசி உறையை அருகில் வைத்தால், திறந்திருக்கும்போதே மூடப்பட்டதாகக் கருதி, கணினி உறங்கச் செல்வதுண்டு.

இவை யாவும் செய்தும் தொல்லை தீரவில்லையெனின், தானாக உறங்கும் நேரத்தை அமைப்புகளில் 'நெவர்' என மாற்றி, மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகுமாறு அமைத்துக்கொள்ளலாம்.

கடைக்குச் செல்லுமுன்

உறக்கத்தினின்று எழும்போதெல்லாம் கணினி அணைந்து, தொடக்கத்திலிருந்து இயங்குமாயின், மின்வழங்கியிலோ நினைவகத்திலோ பழுது இருக்கலாம். இதனை வல்லுநரே பார்க்கட்டும். மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்காரரிடம் ஒப்படைக்கும்போது மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூறுங்கள். தொல்லை எப்போது, எவ்வாறு நேர்கின்றது என்பது ஒன்று. நீங்கள் செய்து பார்த்த படிகள் எவை என்பது இரண்டு. கோப்புகளைப் படியெடுக்காமல் சேமிப்பகத்தைத் துடைத்தல் கூடாது என்பது மூன்று. மூன்றாவதை எழுத்தில் கொடுப்பது இன்னும் நன்று. கூலி எவ்வளவு என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள்.

வழக்கமாகக் கொள்ளத்தக்கவை

மூடியை மூடுமுன் கண்ட்ரோல் விசையோடு 'எஸ்' விசையை அழுத்திச் சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுங்கள். முக்கியமான கோப்புக்குப் பென்டிரைவில் ஒரு படியும், இணையச் சேமிப்பில் ஒரு படியும் இருக்கட்டும். மாலை வேளையில் இடிமழை வருவதற்கு அறிகுறி தோன்றினால், கணினியை முறையாக நிறுத்திய பின்னரே கம்பியைக் கழற்றுங்கள். உறங்கும் மேசைக் கணினியின் கம்பியைப் பிடுங்கினால், சிலேட்டில் உள்ளது அழியலாம்.

அண்மையில் அத்தோட்டத்திற்கு மீண்டும் சென்றோம். முன்பு நாம் கூறிய படிகளை அம்மாணவி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். திரை மீண்டும் இருண்டபோது, நான்காம் படியிலேயே ஒளி வந்துவிட்டதாம். பின்னர்த் திரை இயக்கியைப் புதுப்பித்த பிறகு அத்தொல்லை வரவில்லை என்றும் கூறினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவளுடைய தந்தை, "இப்போது எனக்கும் அந்த விளக்கைப் பார்க்கத் தெரியும் ஐயா" என்றார். அச்சொல்லில் இருந்த நிறைவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பயிற்சி வினாக்கள்

1. கணினியின் இருவகை நினைவுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கணினி விழித்திருந்து திரை மட்டும் உறங்குவதை எவ்வாறு அறியலாம்?
3. கட்டாய நிறுத்தத்தை ஏன் கடைசியில் செய்தல் வேண்டும்?
4. கடைக்காரரிடம் கூறவேண்டிய மூன்று செய்திகள் யாவை?

இவ்வினாக்களைக் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து ஆராய்வார்களாக. விடைகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வையுங்கள்.