முதலில் கரண்ட் பில், பிறகுதான் சோலார் கடன்

தங்கச்சி, குறிஞ்சிப்பாடியில் வீட்டைப் புதுப்பித்து முடித்த கையோடு மொட்டை மாடியில் சோலார் போடலாமா, தண்ணீருக்கு ஆர்.ஓ. வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் விற்க வருகிறவர்கள் மானியத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நீ உன் வீட்டுச் செலவிலிருந்து தொடங்கு. மானியம் எவ்வளவு வந்தாலும், மிச்சப் பணத்துக்குத் தவணை கட்டப் போவது நீதான்.

கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஒரு வருடத்துக்குச் சரியாக வரும். சித்திரை, வைகாசி பில்லை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படாதே, ஏசி ஓடும் மாதங்கள் அவை. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டில் கைத்தறி ஓடினால் நெசவாளர்களுக்கு 2023 முதல் 300 யூனிட் இலவசம். ஆகவே நம்மூர்த் தறிக்காரர்கள் பலருக்குக் கரண்ட் பில் ஒரு பாரமே இல்லை. அவர்களிடம் சோலார் விற்க வருபவர் கூரையைக் காட்டிப் பேசுவாரே தவிர, பில்லைக் கேட்க மாட்டார்.

இப்போது கணக்குக்கு வா. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். அதன் பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு 675 ரூபாய். வருடத்துக்கு 4,050. இந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் சோலார் போட்டால், 30,000 ரூபாய் மானியம் போகக் கையிலிருந்து 40,000 ரூபாய்க்கு மேல் இறங்கும். போட்ட பணம் திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நானாக இருந்தால் போட மாட்டேன்.

700 யூனிட் ஓடும் வீட்டுக்கோ அதே பட்டியல்படி 3,650 ரூபாய். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 720 யூனிட். பில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். செலவு இரண்டு லட்சம், மானியம் 78,000 என்றால் ஐந்தரை வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில், 500-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கும் வீடுதான் உன் வீடு என்று நினைக்கிறேன். அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய்தான். 501-ஐத் தொட்டதும் அந்தச் சலுகை போய், அதே நூறு யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். அதாவது அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய். இதற்கு சோலார் வேண்டாம், பழைய ஃபேனை மாற்று. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் மூன்று ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் மிச்சம். 600 யூனிட் 480-க்கு வந்துவிடும், பில் 2,750-இலிருந்து 1,600-க்கு இறங்கும். மூன்று ஃபேனுக்கு 9,000 ரூபாய் போட்டால் எட்டு பில்லில் எடுத்துவிடலாம். எந்த பேங்க் மேனேஜரையும் பார்க்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் பில் பெரிதாக இருந்தால் சோலாருக்குப் போ. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அதனால் மூன்றுக்கு மேல் போடும் ஒவ்வொரு கிலோவாட்டும் முழுக்க உன் காசு. உபரியாக கிரிடுக்குப் போகும் யூனிட்டுக்கு நாம் கட்டும் விலை திரும்பக் கிடைக்காது. கூரை பெரிதாக இருக்கிறதே என்று நிரப்பாதே.

மானியம் முன்கூட்டி வராது என்பதுதான் பலருக்குச் சிக்கல். பேனல் ஏறி, நெட் மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்த பிறகே உன் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுப் பணத்தையும் யார் போடுவது? இங்கேதான் பெண்கள் நகையைக் கழற்றுகிறார்கள். மாதம் இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம் எடுத்தால் வட்டியே மாதம் 2,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். இதே திட்டத்தில் 3 கிலோவாட் வரை ஈடு இல்லாமல் 2 லட்சம் வரை வங்கிக் கடன் உண்டு. ரெப்போ விகிதத்தின் மேல் அரை சதவீதம்தான் வட்டி, பத்து வருடம் வரை தவணை. கையிலிருந்து பத்து சதவீதம் போட்டால் போதும். மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிடு. இரண்டு லட்சம் செலவில் 20,000 உன் பணம், 78,000 மானியம் என்றால் மிச்சம் 1,02,000. ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதத் தவணை 1,200-க்குள் அடங்கும். 700 யூனிட் வீட்டில் மாதம் 1,800 ரூபாய் பில் மிச்சமாகிறதே, தவணையை அதிலிருந்தே கட்டலாம். மானியத் தொகை கணக்கில் விழுந்த அன்று ஃபிரிட்ஜ் வாங்கினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும், சொல்லிவிட்டேன்.

விண்ணப்பிக்கும் முன்பே ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார். பழைய இணைப்பென்றால் உன் மாமனார் பெயரில் இருக்கும். அவர் காலமாகி எத்தனை வருடம் ஆனாலும் பில் மட்டும் அவர் பெயரில் வந்துகொண்டிருக்கும். இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். பெயர் மாற்றத்தை முதலில் முடி.

கொட்டேஷன் வாங்கும்போது பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவை என்று எழுதச் சொல், இல்லாவிட்டால் மானியம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பழைய விலைப் பட்டியலை நீட்டினால் கேள். மாடியில் ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும், நிழல் விழக்கூடாது. பக்கத்து வீட்டு சிண்டெக்ஸ் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு சேர்த்துக் கோத்த மற்றவையும் மந்தமாகும்.

நம் மாவட்டத்துக்கென்று மூன்று விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்தக் காற்றை நினைத்துக்கொண்டு பேனல் கால்களைப் பார். தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்களா, துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பா, எத்தனை கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்களா? வெறும் கான்கிரீட் கட்டையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதே.

அடுத்தது, கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். தெருக் கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் மேல் உன் மாடிக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். புயலுக்குப் பிறகு இருட்டில் உட்கார வேண்டாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவாய். அதற்குப் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், பேட்டரிக்குத் தனி மானியம் இல்லை.

மூன்றாவது தூசி. நெய்வேலிச் சுரங்க மண்ணும் அனல்மின் நிலையச் சாம்பலும் படியும் ஊர் நம்முடையது. வாரம் ஒரு தடவை விடியற்காலையில், பேனல் சூடேறும் முன் துடைக்க வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைத் திட்டு படியும், மழைநீரைச் சேர்த்து வைத்துத் துடை. 1956-இல் தொடங்கி பழுப்பு நிலக்கரியையே நம்பி வளர்ந்த என்.எல்.சி.யே இன்று நெய்வேலியில் சோலார் பண்ணை வைத்திருக்கிறது, கழுநீர்குளத்தில் காற்றாலையும் ஓட்டுகிறது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் நம் சித்தி மகள்தான் பாவம், கூரை அவளுடையது இல்லை. அவள் ஃபேன் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கடன் என்றாலே பயப்படாதே, ஓடந்துறைக் கதையைப் படித்திருப்பாய். மேட்டுப்பாளையம் அருகே உள்ள அந்தச் சின்ன ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் போட்ட திட்டம் அது. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். மின்வாரியத்துக்கு விற்ற கரண்டின் வருமானத்திலேயே கடனை அடைத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது காற்றாலையைவிட அந்த 40 லட்சம். சிறுகச் சேர்த்த கைப்பணம் இருந்ததால்தான் வங்கி மீதியைக் கொடுத்தது. உன் மகளிர் குழுச் சேமிப்புப் புத்தகத்தையும் அந்தக் கண்ணோடு பார்.

தண்ணீருக்கு வா. ஆர்.ஓ. கடைக்காரர் வீட்டுக்கு வந்து மின்கம்பியை விட்டு டம்ளர் தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டுவார். அதைச் சோதனை என்று நம்பாதே. கடலூரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, குறைந்த கட்டணத்தில் பார்த்துச் சொல்வார்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உனக்கு ஆர்.ஓ. தேவையில்லை, சாதாரண வடிகட்டியும் கொதிக்க வைப்பதும் போதும். வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தைக் கீழே விடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் அந்தக் கழிவுநீர்க் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பு, வீடு துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். நெய்வேலியைச் சுற்றிய ஊர்களின் நீரிலும் மண்ணிலும் மாசு இருப்பதாக 2023-இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு ஒரு ஆய்வை வெளியிட்டது. பாதரசத்தையும் அதில் சொல்லியிருந்தார்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவைதான் வரும். பாதரசத்துக்குத் தனியாகச் சொல்லிச் சோதிக்க வேண்டும், கட்டணமும் வேறு. உன் போர் சுரங்கத்துக்குப் பக்கமென்றால் அந்தச் செலவைத் தள்ளிப்போடாதே.

மழைநீர் சேகரிப்பை 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி மூடிக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டு, முதல் மழையை வெளியே விடு, சாம்பல் அதோடு போய்விடும். தொட்டி கட்ட, குழாய் இழுக்கப் பணம் பற்றவில்லையென்றால் குழுவில் கேள். தண்ணீருக்கும் கழிவறைக்கும் சிறு கடன் கிடைக்க வழி செய்து திருச்சி கிராமாலயா பெயரெடுத்தது. அங்கே பெண்கள் தவணையை ஒழுங்காகக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். தினம் தண்ணீர் கேனுக்குப் போகிற காசைக் கூட்டிப் பார்த்தால் உனக்கும் வழி தெரியும்.

மாமாவின் கரும்புக்காட்டைப் பற்றியும் கேட்டாய். சிறு, குறு விவசாயி என்ற சான்று இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. சோலார் பம்புக்கு வேளாண் பொறியியல் துறையில் 60 சதவீதமும் அதற்கு மேலும் உண்டு. முதலில் சொட்டுநீர் போடட்டும், தண்ணீர்த் தேவை குறைந்தால் சின்ன பம்பே போதும், கையிலிருந்து போடும் பங்கும் குறையும். இலவச மின் இணைப்புக்கு அவர் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறார் அல்லவா? சோலார் பம்பு வாங்கினால் அந்த வரிசை என்ன ஆகும் என்று மின்வாரிய ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்.