'பதிவு இல்லை' என்ற பதிலும் அதற்குப் பின்னால் உள்ள பாடமும்

மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. தில்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் ஓராண்டு உட்கார்ந்திருந்த உழவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. மறுநாள், நவம்பர் 30 அன்று, மக்களவையில் ஒரு கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வந்தது. போராட்டத்தில் இறந்த உழவர்களின் எண்ணிக்கை என்ன, அவர்களுடைய குடும்பங்களுக்கு நிதியுதவி கொடுக்கும் எண்ணம் உண்டா என்பது கேள்வி. அன்றைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: இது குறித்து அமைச்சகத்திடம் பதிவு ஏதும் இல்லை, ஆகவே நிதியுதவி என்ற கேள்வியே எழவில்லை.

எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று சம்யுக்த கிசான் மோர்ச்சா சொல்லிவந்த நேரம் அது. இரண்டே வரியில் அத்தனை பேரும் கணக்கில் இல்லாமல் போய்விட்டார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. டிசம்பர் 7 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர் ராகுல் காந்தி மக்களவையில் எழுந்து இதே பதிலைக் கையில் எடுத்தார். அப்போது காங்கிரஸ் ஆட்சியில் இருந்த பஞ்சாபில், சுமார் 400 குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது, 152 பேருக்கு வேலையும் தரப்பட்டிருக்கிறது என்று சொல்லி அந்தப் பட்டியலை அவையில் வைத்தார். ஹரியானாவைச் சேர்ந்த 70 பேரின் பட்டியலையும் சேர்த்து வைத்தார். பதிவு இல்லை என்று சொன்ன அரசின் முன்னால் பெயரும் ஊருமாக ஒரு பதிவு வந்து உட்கார்ந்தது.

அந்தக் கட்சியை ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். உழவர் இயக்கமாக நாம் இதில் கற்க வேண்டியது வேறு. நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எப்படி வேலை செய்கிறது, பதிலை எப்படிப் படிப்பது, அதில் நம் வேலை எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

கிராமத்துக் கடைக்காரரில் தொடங்கிய உரிமை

அரசைக் கேள்வி கேட்கும் உரிமை இந்தியச் சட்டமன்றத்துக்கு 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் வந்தது. 1893 பிப்ரவரியில் முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா அரசர். சுற்றுப்பயணம் வரும் வெள்ளைக்கார அரசின் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் நொந்து போகிறார்களே என்பதுதான் அந்தக் கேள்வி. நம் நாட்டின் முதல் கேள்வியே கிராமத்தின் வயிற்றுப்பாட்டைப் பற்றியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். அமைச்சர் சொன்ன பதிலிலிருந்து மேலும் குடைந்து கேட்கும் துணைக் கேள்வி உரிமை அப்போது கிடையாது. 1909-இல் கேள்வி கேட்டவருக்கு மட்டும் அது கிடைத்தது. பிறகுதான் மற்ற உறுப்பினர்களுக்கும் வந்தது.

இன்று கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கும் நடக்கிறது. கேள்விகளில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் உறுப்பினர் துணைக் கேள்வி போட்டுப் பிடிக்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 கேள்விகள்தான் இந்த வகையில் வரும். அவையும் குலுக்கல் முறையில் தேர்வாகும். நேரம் போதாமல் பட்டியலின் கடைசியில் இருப்பவை பெரும்பாலும் அவையில் எழாமலே போய்விடும்.

இரண்டு, குறியிடாத கேள்வி. எழுத்தில் மட்டும் பதில் வரும். துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 230, மாநிலங்களவையில் 160 வரை இடம்பெறும். மாவட்ட வாரியான, ஆண்டு வாரியான புள்ளிவிவரம் பெற இதுதான் நல்ல வழி.

2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரம் எடுக்கப்பட்டது. எழுத்துப் பதில் மட்டும் உண்டு என்றார்கள். வேளாண் மசோதாக்கள் நிறைவேறியது அதே கூட்டத்தொடரில்தான். உழவர்களோடு கலந்து பேசினீர்களா, யாரோடு, எந்தத் தேதியில் என்று அமைச்சரை நேருக்கு நேர் துணைக் கேள்வியில் பிடிக்க வழியில்லாத நாட்கள் அவை. மாநிலங்களவையில் செப்டம்பர் 20 அன்று வாக்கெடுப்பு கேட்டும் குரல் வாக்கிலேயே மசோதாக்கள் நிறைவேறின. அவைக்குள் அடைத்த கேள்விதான் பிறகு தில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தது.

யாரிடம் எதைக் கேட்பது?

வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் தில்லியில் எதைக் கேட்டாலும் "அது மாநிலப் பொருள்" என்று அமைச்சர் சொல்லிட்டு உட்கார்ந்திடலாம். அதற்கு வழி விடாமல் கேட்பதுதான் சாமர்த்தியம்.

பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்வதும் தடை செய்வதும் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் வேலை. அதை மத்திய வேளாண் அமைச்சரிடம் கேட்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையும் அங்கேதான். ஆனால் மரபணு மாற்றப் பயிருக்கு அனுமதி தருவதைப் பரிசீலிக்கும் குழு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. உர மானியம் இரசாயனம் மற்றும் உரத்துறைக்குப் போகும். உணவில் நஞ்சு எச்சம் பற்றிய கேள்வி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை வைத்திருக்கும் சுகாதார அமைச்சகத்துக்குப் போகும். ஏரி, வாய்க்கால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், வேளாண் விரிவாக்க மையம் போன்றவற்றைச் சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்பதே சரி. தப்பான வாசலைத் தட்டினால் கேள்வி வீணாகிவிடும்.

பதிலைப் படிப்பது எப்படி?

நெல்லில் கலப்பு பார்க்கிற மாதிரி பதிலையும் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். அடிக்கடி வரும் பதில்கள் இவை:

1. "பதிவு இல்லை, ஆகவே எழவில்லை." நிகழவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல, நாங்கள் எண்ணவில்லை என்றுதான் பொருள். ஊரடங்கில் நடந்தே ஊர் போய் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி 2020 செப்டம்பர் 14 அன்று கேட்டபோதும் இதே வகைப் பதில்தான் வந்தது. எண்ணுவது யார் பொறுப்பு, ஏன் எண்ணவில்லை என்பது அடுத்த கேள்வியாக வர வேண்டும்.

2. "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்." இது தட்டிக்கழிப்பு மாதிரி தெரியும். ஆனால் அவை விதிப்படி இது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசின் உறுதிமொழிகளுக்கான குழு துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு உறுப்பினருக்கு நினைவூட்டுவது நம் வேலை.

3. "மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை." இங்கே 'குறிப்பாக' என்ற சொல்தான் பதிலைத் தாங்கிப் பிடிக்கிறது. மாநிலத்திடம் கேட்டீர்களா, எந்தத் தேதியில் கடிதம் எழுதினீர்கள், எந்தப் படிவத்தில் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

4. திட்டப் பட்டியல். ஒரு நஞ்சைப் பற்றிக் கேட்டால் பத்துத் திட்டங்களின் பெயர் வரும். கேட்டதற்கு விடை அதில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். பல நேரம் இருக்காது.

கேள்வியைக் கூர்மையாக்குவது

ஒரு கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், வசை, ஊகம், கருத்துக் கேட்பது எதுவும் கூடாது. பதினைந்து நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். இதெல்லாம் தடை மாதிரித் தெரிந்தாலும், நல்ல கேள்வி இந்த வரம்புக்குள்தான் பிறக்கிறது.

"நஞ்சு மருந்துகளைத் தடை செய்ய அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டால் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். இப்படி மாற்றிப் பாருங்கள்: "2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிடப்பட்டதா? அவற்றில் இன்றுவரை முழுமையாகத் தடை செய்யப்பட்டவற்றின் பெயர்கள் என்ன? மற்றவற்றை விட்டதற்கு மருந்து வாரியான காரணம் என்ன? அதைப் பரிசீலித்த குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படுமா?" இதற்கு 'ஆம்', 'இல்லை', பெயர், தேதி என்றுதான் பதில் சொல்ல முடியும்.

இயற்கை வேளாண்மைக்கும் அப்படித்தான். 2015-16 முதல் நடக்கும் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பதோடு நிறுத்தக் கூடாது. நம் மாவட்டத்தில் எத்தனை தொகுப்புகள், உழவர் கைக்கு நேராகப் போன தொகை எவ்வளவு, சான்று பெற்றவர் எத்தனை பேர், மூன்று ஆண்டு உதவி முடிந்த பிறகும் இயற்கை வழியிலேயே தொடர்பவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில், அல்லது பதில் வராமல் போவது, திட்டத்தின் உண்மை நிலையைக் காட்டிவிடும்.

கேள்வியிலிருந்து குழுவுக்கு

ஒரு மணி நேரத்தில் தீராத விஷயத்தை நிலைக்குழு எடுத்துக்கொள்ளும். இதற்கு நம் இயக்கங்கள் மறக்கக் கூடாத எடுத்துக்காட்டு பாசுதேவ் ஆச்சார்யா. மேற்கு வங்கத்தின் பாங்குரா தொகுதியைச் சேர்ந்த மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர். காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில் எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டே வேளாண் நிலைக்குழுவுக்குத் தலைவராக இருந்தார். மரபணு மாற்ற உணவுப் பயிர்கள் பற்றி அந்தக் குழு அதிகாரிகளையும் அறிவியலாளர்களையும் விசாரித்தது. விதர்பாவுக்குப் போய் பருத்தி உழவர்களை நேரில் சந்தித்தது. 2012 ஆகஸ்ட் 9 அன்று அதன் 37-ஆவது அறிக்கை வந்தது. வயல்வெளிச் சோதனைகளை நிறுத்தச் சொன்ன அந்த அறிக்கையில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் உடன்பட்டிருந்தார்கள். சான்று கையில் இருந்தால் ஆளுங்கட்சிக்காரரும் சேர்ந்து நிற்பார் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

கேள்வி கேட்பவர் உறுப்பினர்தான். ஆனால் அவருக்கு வேண்டிய சரக்கு நம்மிடம்தான் இருக்கிறது. மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்தவரை எந்த அரசு அலுவலகமும் தேடி வந்து எழுதிக்கொள்ளாது. டிசம்பர் 7 அன்று அவையில் வைத்த பட்டியலும் யாரோ ஊர் ஊராகப் பெயர் எழுதி வைத்ததால்தான் கிடைத்தது.

எனவே ஒவ்வொரு வட்டாரக் குழுவும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். மருந்து நஞ்சால் பாதிக்கப்பட்டவர், தேதி, மருந்தின் பெயர், மருத்துவமனைச் சீட்டு ஒரு பக்கம். வராத மானியம், விண்ணப்பித்த நாள், ஒப்புகைச் சீட்டு இன்னொரு பக்கம். பாதிக்கப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பெயரை வெளியே தர வேண்டாம்.

கூட்டத்தொடர் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும்: சனவரி கடைசியில் தொடங்கும் பட்ஜெட் தொடர், மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே இரண்டு மூன்று கேள்விகளை எழுதி, ஆதாரத்தின் நகலோடு உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுங்கள். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, கேட்கலாம். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள். பதில் வந்ததும் நாடாளுமன்ற இணையதளத்தில் எடுத்து மாதக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். எந்த வரி நம் நோட்டோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று பெரியவர்கள் சொல்லட்டும். ஒத்துப்போகாத வரியிலிருந்து அடுத்த தொடருக்கான கேள்வியை எழுதத் தொடங்கலாம்.