மாத்தளையிலிருந்து மன்னார்த் தீவுக்கு: குடும்பத்தோடு ஒரு கடற்கரை விடுமுறை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் தேயிலையும் கொக்கோவும் மிளகும் சூழ வாழ்கின்ற நம் குடும்பங்களில், பத்துப் பன்னிரண்டு வயது நிரம்பியும் சமுத்திரத்தை ஒருமுறையேனும் கண்ணாரக் காணாத பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அப்பிள்ளைகளையும், அவர்களுக்குக் கதை சொல்லி வளர்த்த அப்பாயியையும் தாத்தாவையும் ஒருசேர அழைத்துக்கொண்டு நான்கு தினங்கள் ஒரு சிறிய தீவில் தங்கி வருவது பெருஞ்செல்வர்க்கு மாத்திரமே உரிய காரியமன்று. முன்கூட்டிய யோசனையும் கிரமமான ஏற்பாடும் இருப்பின், சாதாரண வருவாயுள்ள குடும்பமும் அதனைச் செவ்வனே செய்து முடிக்கலாம்.

எத்தீவுக்குச் செல்வது என்பது முதற்கேள்வி. திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக்கு எதிரில் உள்ள புறாத் தீவு நமக்குக் கிட்டியதே. ஆயின் அது தேசியப் பூங்காவாதலால் அங்கே இராத் தங்க இயலாது. யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு அழகிற் சிறந்தது. எனினும் குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணி நேரம் அளவில் படகிற் செல்ல வேண்டியிருப்பதால், கைக்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பத்தின் முதற் பிரயாணத்துக்கு அது உகந்ததாகாது. மன்னார்த் தீவுக்கோ தரைவழிச் சாலையும் புகையிரதப் பாதையும் கடலைக் கடந்து நேரே செல்கின்றன. கோட்டையும் கோயிலும் கடலும் பறவைகளும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன.

இவற்றினும் மேலான காரணம் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர்களிற் பலர், தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கி, காடும் காய்ச்சலும் பசியும் வாந்திபேதியும் வழிநெடுகப் பலரைப் பலிகொள்ள, எஞ்சியவர்களாய்க் கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தார்கள். அவ்வரலாற்றின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையிலேயே நிறைவெய்தியது. அவர்கள் துயரத்தோடு நடந்து வந்த திசையை நோக்கி நம் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பிரயாணம் செய்வது பொருள் பொதிந்த செயலாகும்.

1. காலத்தைத் தெரிதல்

மன்னாரில் காலத்தை நிர்ணயிப்பது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று ஓயாது வீசும். தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகளைக் கொண்ட மின்னிலையம் திறக்கப்பட்டதே அக்காற்றின் வலிமைக்குச் சான்று. அம்மாதங்களில் தாழ்வுபாடு முதலான தென்கரை ஊர்களில் அலை உயர்ந்தெழும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக் காற்றோடு மழையும், சிற்சில ஆண்டுகளில் புயலும் வருவதுண்டு. ஆதலின் பெப்ரவரி தொடங்கி ஏப்ரல் முடிய உள்ள காலமே குடும்பங்களுக்கு உத்தமமானது.

மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேர்த் திருவிழா முடிந்த பின்னர், சித்திரை விடுமுறையைக் குறிவைத்து ஏற்பாடுகளைத் தொடங்குவது நன்று. புத்தாண்டையொட்டிய சில தினங்களில் பஸ்கள் நிரம்பி வழியுமாதலால் அவற்றைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்க. ஆகஸ்ட் விடுமுறையைத் தவிர வேறு வழியில்லை என்போர், அம்மாதம் 15 ஆம் திகதி மடு மாதாவின் பெருவிழா நிகழ்வதையும், அதனையொட்டி வடக்கு நோக்கிய வண்டிகளெல்லாம் யாத்திரிகரால் நிறைந்திருப்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

2. பணத்தை வகுத்தல்

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ விடுமுறைக்குப் புறப்படுவது எவ்வாற்றானும் உசிதமன்று. தைப்பொங்கல் தொடங்கி மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அல்லது உறவினரோடு சீட்டுப் பிடித்துச் சேர்த்து, கையிற் கிடைத்த தொகைக்கேற்பத் தினங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். சேர்ந்த பணத்தைப் பிரயாணம், தங்குமிடம், ஆகாரம், சில்லறைச் செலவு என நான்காகவும், அவசரத்துக்கென ஐந்தாவதாகவும் பிரித்து, அந்த ஐந்தாம் பங்கைக் குடும்பத்தில் நிதானமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, வீடு திரும்பும் வரை அதனைத் தொடாதிருக்க வேண்டும்.

3. வழியும் வாகனமும்

மாத்தளையிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 210 கிலோமீட்டர். நம் ஊரை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதி நாலந்தா, நாவுல, தம்புள்ளை, கெக்கிராவை, மிகிந்தலை ஆகிய இடங்களைக் கடந்து மதவாச்சியை அடைகிறது. அங்கே இடப்புறம் திரும்பினால் செட்டிகுளம், முருங்கன் வழியாக மன்னாரை நோக்கிச் செல்லலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதாயின் ஒரு வானை வாடகைக்கு அமர்த்துவதே சௌகரியம். மொத்தத் தொலைவு, காத்திருக்கும் கூலி, சாரதியின் உணவு, படுக்கை ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே பேசி எழுதிக்கொள்வது பிற்பாடு மனத்தாங்கல் நேராமற் காக்கும்.

பஸ்ஸில் செல்வோர், கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் வண்டியில் ஏறி, மதவாச்சியிலோ வவுனியாவிலோ இறங்கி மன்னார் பஸ்ஸைப் பிடிக்கலாம். பிள்ளைகளுக்குப் புகையிரத அநுபவமும் வேண்டுமென விரும்புவோர் மதவாச்சியில் தலைமன்னார் வண்டியில் ஏறுவது விசேஷம். 1914 இல் அமைக்கப்பட்டு, போர்க்காலத்தில் அழிந்து, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்ட பாதை அது. அடைமழைக்குப் பின்னரும் திருத்த வேலைகளின் போதும் சேவை தடைப்படுவதுண்டாகையால், நிலையத்தில் நேரில் விசாரித்து உறுதிசெய்த பின்னரே அதனை நம்பிப் புறப்பட வேண்டும்.

4. தங்குமிடம்

மன்னார் நகரத்தில் சிறிய விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த அறைகளும் உள்ளன. தலைமன்னார்ப் பக்கத்தில் அவை குறைவு. முதன்முறை செல்லும் குடும்பம் நகரத்திலேயே தங்குவது வைத்தியசாலை, கடைகள், பஸ் நிலையம் யாவும் அருகில் இருப்பதால் நலம். அறையை ஒழுங்கு செய்யும்போது ஐந்து கேள்விகளைத் தயங்காமற் கேட்க வேண்டும்: மின்விசிறி உண்டா, நுளம்பு வலை உண்டா, குளிக்க நல்ல தண்ணீர் உண்டா, முதியோருக்குக் கீழ்மாடியில் அறை உண்டா, சமைத்துக்கொள்ள இடம் தருவார்களா. நான்காவதையும் ஐந்தாவதையும் முன்கூட்டிக் கேளாதவர்களே அங்கு போய்ச் சிரமப்படுகிறார்கள்.

5. மூட்டை கட்டுதல்

மலைக்காற்றில் பழகிய உடல் மன்னாரின் வறண்ட வெயிலை எளிதில் தாங்காது. பருத்தி உடை, தொப்பி, குடை, தலையில் கட்ட ஒரு துவாய் ஆகியவை ஒவ்வொருவருக்கும் வேண்டும். பிள்ளைகளுக்குச் சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறங்களில் குளியலுடை கொடுத்தால் அலைகளுக்கிடையிலும் கண்ணுக்குத் தெளிவாய்ப் புலப்படுவார்கள். தீவிற் பல கிணறுகள் உவர்த்தன்மை உடையவையாதலின் குடிநீரை எப்போதும் கையோடு வைத்திருங்கள். ஜீவனிப் பொதிகள், காயத்துக்கு மருந்து, முதியோர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, அப்பையைப் பொறுப்பான ஒருவர் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

6. கடலில் இறங்கும் முறை

இப்பகுதியை வாசிப்போர் இரண்டு தரம் வாசிக்குமாறு வேண்டுகிறேன். ஓடையிலும் அருவியிலும் குளித்துப் பழகிய பிள்ளைகள் நீரைக் கண்டு அஞ்சமாட்டார்கள். அந்த அஞ்சாமையே கடலில் ஆபத்துக்கு வித்தாகிறது. ஓடை நீர் ஒரு திசையிலேயே ஓடுகிறது. கடலோ ஒரே இடத்தில் கரையை நோக்கித் தள்ளுவதும் கரையிலிருந்து உள்ளே இழுப்பதுமாக இருக்கிறது.

எவ்விடத்தில் இறங்குவதானாலும் முதலில் அங்குள்ள மீனவர் ஒருவரை அணுகி, "அண்ணன், இதில பிள்ளைகள் குளிக்கலாமோ?" என்று கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் மறுபேச்சின்றி வேறிடம் செல்லுங்கள். காலை எட்டரை மணிக்கு முன்னரும் மாலை நான்கரை மணிக்குப் பின்னருமே ஸ்நானத்துக்கு உரிய நேரம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை. சிறு பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழமும் பெரியவர்களுக்கு இடுப்பளவும் எல்லை. மது அருந்தியவர் எவரும் நீரில் இறங்கலாகாது. தலைமன்னார் முனையில் நீரோட்டம் கடியதாதலால் அங்கே கடலைப் பார்ப்பதோடு நிற்க வேண்டும்.

தற்செயலாக நீரிழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்புக் குறைந்த பின் கரை சேர வேண்டும். ஆழமற்ற மணலில் திருக்கை மீன் புதைந்து கிடப்பதுண்டு. பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடந்தால் அது விலகிப் போய்விடும். அதன் முள் தைத்துவிட்டால் பொறுக்குமளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வைத்து, தாமதமின்றி மன்னார்ப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சொறிமுட்டை பட்டால் அவ்விடத்தைத் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவுக. அவசர நோயாளர் வண்டிக்கு 1990 என்ற இலக்கத்தையும் பொலிசாருக்கு 119 என்ற இலக்கத்தையும் பிள்ளைகளும் மனனம் செய்திருக்கட்டும்.

7. நான்கு தினங்களின் ஒழுங்கு

முதல் தினம் அதிகாலையில் புறப்படுக. கட்டுச்சோற்றோடு சென்றால் வழிச்செலவு பெரிதும் மிஞ்சும். இடையில் இரண்டு இடங்களிலேனும் நின்று இளைப்பாறி நண்பகலளவில் தீவை அடையலாம். தாம்போதியிற் செல்லும்போது வாகனத்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். மாசி பங்குனியில் இருபுறத்து ஆழமற்ற நீரில் பூநாரைகளைக் காணும் பாக்கியம் கிட்டலாம். அருகேயுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாலையில் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றிய கோட்டையையும், பள்ளிமுனையில் 19 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவோடு நிற்கும் பெருக்குமரத்தையும் பார்க்கலாம். பிள்ளைகள் கைகோத்து அம்மரத்தைச் சுற்றி நிற்க முயல்வார்கள். அதற்கு அவகாசம் கொடுங்கள்.

இரண்டாம் தினம் முழுவதும் கடலுக்கே உரியது. காலையில் கீரிக் கடற்கரையில் ஸ்நானம்; நண்பகலில் மீன் குழம்பும் நண்டுக் கறியுமாக உணவும் உறக்கமும்; மாலையில் மீண்டும் கடற்கரை. அன்றைக்கு வேறு இடம் எதையும் பார்க்கத் திட்டமிடாதிருப்பதே நன்று.

மூன்றாம் தினம் தலைமன்னார். செல்லும் வழியில் வடகரையிலுள்ள பேசாலையில் இறங்கினால், படகுகள் கரையேறுவதையும் வலையிலிருந்து மீனைப் பிரிப்பதையும் கருவாடு காய்வதையும் பிள்ளைகள் நேரிற் காண்பார்கள். பின்னர் தலைமன்னார் இறங்குதுறைக்கும் வெளிச்சவீட்டுக்கும் செல்க. 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், மலைநாட்டை விட்டுப் பிரிந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறி இராமேசுவரம் சென்றது இத்துறையிலிருந்துதான். வந்ததும் போனதுமாகிய இரண்டு சரித்திரங்களும் சந்திக்கின்ற இவ்விடத்தில், அப்பாயியோ தாத்தாவோ தாம் அறிந்த உறவினரின் பெயர்களைச் சொல்ல, பிள்ளைகள் செவிமடுக்கட்டும். அப்பாலுள்ள இராமர் அணையின் மணல் தீடைகளுக்குச் செல்ல விரும்புவோர் உரிய அனுமதியும் உயிர்காப்பு அங்கியும் இன்றிப் படகில் ஏறலாகாது.

நான்காம் தினம் அதிகாலையில் அறையைக் காலிசெய்து, தாம்போதியைக் கடந்து, பாலாவித் தீர்த்தக் கரையில் எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரநாதரைக் காலைப் பூசையில் வழிபட்டு ஊர் திரும்பலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஸ்தலம் அது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதற்குச் சென்றாலும் குளியலுடையோடு செல்லாது, அந்தந்த இடத்தின் ஆசாரத்துக்கேற்ற உடையோடு செல்லுதல் கடமையாகும்.

8. தீவுக்கு நாம் செய்ய வேண்டியவை

பிளாஸ்டிக் பைகளையும் போத்தல்களையும் கடற்கரையில் எறியாதீர்கள். நகரத்தில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகள் அவற்றைத் தின்று துன்புறுகின்றன. உயிருள்ள சிப்பியையும் பவளத்தையும் பிடுங்கி வரவும் வேண்டாம். வீட்டுக்கு ஏதேனும் கொண்டுபோக விரும்பினால் பனங்கட்டி, புழுக்கொடியல், பனையோலைக் கூடை, கருவாடு ஆகியவற்றை அவ்வூரவரிடம் நேரே வாங்குங்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட அம்மக்களிடம் ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேசாதிருங்கள்.

மாத்தளையின் பெற்றோர்களே, பிள்ளைகளின் பரீட்சைக்கும் கலியாணத்துக்கும் நாம் செய்கின்ற ஆயத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு இவ்விடுமுறைக்குப் போதும். முன்னோர் வந்திறங்கிய கரையை நம் சந்ததி அறியாமல் வளர்வது நமக்கு நியாயமாகாது. இந்த வாரமே குடும்பத்தோடு அமர்ந்து, நாட்காட்டியை விரித்து, நான்கு தினங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாயியிடமும் தாத்தாவிடமும் முதலிலே சம்மதம் கேளுங்கள்.