பதிவேடு காக்கும் உயிர்கள்

ஏழு பேர், ஒரு குழாய்

ஒரு கிராமத்தை எடுத்துக் கொள்வோம். அதில் நான்கு தெருக்கள். திங்கட்கிழமை மேலத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பேதி. பாட்டி கை வைத்தியம் செய்கிறார். செவ்வாய்க்கிழமை அதே தெருவில் இரண்டு பேருக்குப் பேதி. ஒருவர் மருந்துக் கடைக்குப் போகிறார். இன்னொருவர் பக்கத்து ஊர் டாக்டரிடம் போகிறார். புதன்கிழமை மேலும் நான்கு பேருக்குப் பேதி.

மொத்தம் ஏழு பேர். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வீட்டு நோய் மட்டும்தான் தெரியும். டாக்டருக்குத் தன்னிடம் வந்தவரை மட்டும்தான் தெரியும். தெருவில் நோய் பரவுகிறது என்பது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். பெயர், வயது, தெரு, நோய் தொடங்கிய நாள், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு நோட்டில் எழுதுகிறார்.

"பேதிக்கு மருந்து குடுத்தாப் போதாதா நர்ஸம்மா? எந்தக் குழாய்த் தண்ணின்னு எதுக்குக் கேக்குறீங்க?" என்கிறார் பாட்டி.

"நீங்க சொல்றது ஒரு வீட்டுச் சேதி, பாட்டி. ஏழு வீட்டுச் சேதியும் சேர்ந்தா அது ஊர்ச் சேதி. அப்பத்தான் நோய் எங்கேயிருந்து வருதுன்னு தெரியும்" என்கிறார் செவிலியர்.

நோட்டைப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. ஏழு பேரும் ஒரே தெரு. ஏழு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். அந்தக் குழாய் சாக்கடை ஓரமாகப் போகிறது. ஓர் இடத்தில் உடைந்து, சாக்கடை நீர் உள்ளே கலக்கிறது.

செவிலியர் பஞ்சாயத்துக்குச் சொல்கிறார். குழாயை மூடுகிறார்கள். வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் தருகிறார்கள். உடைப்பை அடைக்கிறார்கள். நோயாளிகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறார்கள். பேதி எட்டாவது வீட்டுக்குப் போகவில்லை.

மருந்து ஏழு பேரைக் காப்பாற்றியது. எழுதி வைத்த கணக்கு ஊரைக் காப்பாற்றியது. இதுதான் சுகாதாரத் தகவல் செய்யும் வேலை.

சேதி போகும் வழி

செவிலியரின் நோட்டில் உள்ள சேதி அங்கேயே நின்று விடக் கூடாது. பக்கத்து ஊரிலும் அதே நோய் இருக்கலாம். அதனால் சேதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாநிலத்துக்கும், டில்லிக்கும் போகிறது.

முன்பு இந்தச் சேதி எல்லாம் காகிதத்தில் போனது. மாதம் முடிந்த பிறகு செவிலியர் பதிவேட்டைக் கூட்டிக் கணக்கு எழுதுவார். அதைத் தபாலிலோ ஆள் மூலமோ அனுப்புவார். மாவட்ட அலுவலகத்தில் எல்லா ஊர்க் கணக்கையும் மறுபடி கூட்டுவார்கள். கணக்கு மேலே போய்ச் சேருவதற்குள் நோய் பல ஊர்களைச் சுற்றி விடும்.

2004-இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களின் கணக்கை வாரா வாரம் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. கணக்குகள் கணிப்பொறியில் ஏறின. பிறகு செல்போனும் வந்தது. இப்போது ஊரில் இருந்தபடியே சேதியைப் பதிவு செய்ய முடிகிறது.

கணிப்பொறி என்ன செய்கிறது? மூன்று வேலைகளைச் செய்கிறது. சேதியை வேகமாகக் கொண்டு போகிறது. நூற்றுக்கணக்கான ஊர்களின் கணக்கை நொடியில் கூட்டுகிறது. போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டு, எங்கே நோய் கூடுகிறது என்று காட்டுகிறது.

ஆனால் ஒரு வேலையை அது செய்யாது. வீடு வீடாகப் போகாது. பாட்டியிடம் கேள்வி கேட்காது. எழுதாத சேதி அதற்குத் தெரியாது. தவறாக எழுதினால் தவறான விடைதான் தரும்.

இளம்பிள்ளை வாதத்தை விரட்டிய கணக்கு

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ ஒரு காலத்தில் இந்தியாவில் ஏராளமான குழந்தைகளின் கால்களை முடக்கியது. 1995-இல் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. ஒரு நாடு தழுவிய முகாமில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள்.

கோடிக் கணக்கில் மருந்து கொடுத்தும் நோய் ஒழியவில்லை. 2009-இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது. அந்த ஆண்டில் உலகத்திலேயே அதிகமாகப் போலியோ வந்த நாடு இந்தியாதான்.

ஏன் ஒழியவில்லை? இதற்குப் பதில் கணக்கில் இருந்தது.

மருந்து கொடுத்த ஒவ்வொரு குழந்தையின் இடது கைச் சுண்டு விரலிலும் மை வைத்தார்கள். வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் குறி போட்டார்கள். எல்லாக் குழந்தைகளும் மருந்து குடித்த வீட்டுக்கு ஒரு குறி. குழந்தை வெளியூர் போயிருந்தாலோ, பெற்றோர் மறுத்தாலோ அந்த வீட்டுக்கு வேறு குறி. காரணத்தையும் நோட்டில் எழுதினார்கள். குழந்தை விடுபட்ட வீட்டுக்கு மறுபடியும் போனார்கள்.

இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்காவது கை அல்லது கால் திடீரென்று துவண்டு போனால், உடனே தகவல் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் டாக்டர், நாட்டு வைத்தியர் எல்லோரிடமும் இப்படிக் கேட்டுக் கொண்டார்கள். அந்தக் குழந்தையின் மலத்தை இரண்டு முறை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் போலியோ இல்லை. ஆனாலும் ஒருவரையும் விடாமல் சோதித்தார்கள். மும்பை ஆய்வுக் கூடத்தில் கிருமியின் வம்சத்தையே ஒப்பிட்டு, அது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சேதிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வரைபடம் தெளிவாகப் பேசியது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் 66 வட்டாரங்கள், பீகாரில் 41 வட்டாரங்கள். ஆக 107 வட்டாரங்களில்தான் நோய் வேர் விட்டிருந்தது.

அந்த வட்டாரங்களில் மருந்தோடு வேறு வேலைகளும் நடந்தன. கை கழுவுதல், கழிப்பறை, நல்ல தண்ணீர், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை ஆகியவற்றையும் கவனித்தார்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்குச் சொட்டு மருந்து சரியாக வேலை செய்யாது என்பதும் ஒரு காரணம்.

பீகாரில் கோசி ஆறு அடிக்கடி வெள்ளம் பெருகி ஓடும். ஆற்று மணல் திட்டுகளில் குடிசைகள் உண்டு. பல குடிசைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பணியாளர்கள் படகில் போனார்கள். நடந்து போனார்கள். குடிசைகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், நாடோடிகள் ஆகியோரையும் தனியாகப் பட்டியல் எடுத்தார்கள். ரயில் நிலையங்களிலும் ஓடும் ரயில்களிலும் கூட மருந்து கொடுத்தார்கள்.

2010-இல் நோய் 42 பேருக்கு மட்டுமே வந்தது. 2011-இல் ஒருவருக்கு மட்டும் வந்தது. அது மேற்கு வங்காளத்தில் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை. நாள் 2011 ஜனவரி 13. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் காத்திருந்து சோதித்தார்கள். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது.

பட்டியலில் இல்லாத குழந்தைதான் கடைசி வரை நோயில் விழுந்த குழந்தை. அந்தக் குழந்தையைப் பட்டியலில் சேர்த்தபோதுதான் நோய் தோற்றது.

ஊர் மாறினாலும் மாறாத பதிவு

காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து பலர் குஜராத்தில் உள்ள சூரத்துக்கு விசைத்தறி வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போகும் ஒருவர் ஊரில் இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டிருப்பார். சூரத்தில் உள்ள டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

இதற்காக 2012-இல் நிக்ஷய் என்னும் கணிப்பொறிப் பதிவு ஏற்பட்டது. ஒவ்வொரு காசநோயாளிக்கும் அதில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் புது ஊரிலும் சிகிச்சையைத் தொடரலாம். தனியார் டாக்டர்களும் தங்களிடம் வரும் காசநோயாளிகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சத்துணவுக்கான உதவித் தொகையும் இந்தப் பதிவை வைத்தே வருகிறது. 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆனது. பதிவு இல்லை என்றால் பணமும் இல்லை.

தடுப்பூசி மருந்துக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. பெரும்பாலான தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் மருந்து கெட்டு விடும். இப்போது சுகாதார நிலையங்களின் குளிர்பெட்டிகளில் ஒரு சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் அது பொறுப்பாளரின் செல்போனுக்குச் சேதி அனுப்புகிறது.

கருவி மறந்த மக்கள்

நல்ல கருவியும் சிலரை வெளியே நிறுத்தி விடலாம். 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. கோவின் என்னும் கணிப்பொறி ஏற்பாட்டில் எல்லாக் கணக்கும் பதிவானது. 220 கோடிக்கு மேற்பட்ட ஊசிகளின் கணக்கு அதில் ஏறியது. இது பெரிய சாதனைதான்.

ஆனால் 2021 மே மாதத் தொடக்கத்தில் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று இருந்தது. அந்தப் பதிவுப் பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது. நல்ல செல்போன் வைத்திருந்தவர்கள் முந்திக் கொண்டார்கள். கூலி வேலை செய்பவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பின்தங்கினார்கள். பிறகு அரசு மையங்களில் நேரில் போயும் பதிவு செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் பதிவுப் பக்கம் வந்தது.

கருவி மக்களைத் தேடி வர வேண்டும். மக்கள் கருவியைத் தேடி அலையக் கூடாது.

உண்மைக் கணக்கு

சில இடங்களில் நோய்க் கணக்கைக் குறைத்து எழுதும் பழக்கம் உண்டு. "அதிகம் எழுதினால் மேலதிகாரி திட்டுவார்" என்ற பயம்தான் காரணம். இது ஆபத்தான பழக்கம். எழுதாத நோய், இல்லாத நோய் ஆகாது. கணக்கில் நோய் குறைந்தால் மருந்தும் குறைவாகத்தான் வரும். உண்மையை எழுதும் செவிலியரைப் பாராட்ட வேண்டும்.

மக்களும் உண்மையைச் சொல்ல வேண்டும். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தார் என்று விசாரிக்க வேண்டும். அந்தச் சேதிதான் அடுத்த தாயைக் காப்பாற்றும்.

அதே நேரம் ஒருவரின் நோய் அவருடைய சொந்த விஷயம். அதை ஊருக்குச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. எச்.ஐ.வி., காசநோய், கருக்கலைப்பு போன்ற சேதிகளைப் பணியாளர்கள் இரகசியமாக வைக்க வேண்டும். 14 இலக்க ஆபா சுகாதார எண்ணைப் பெறுவது அவரவர் விருப்பம். சம்மதம் கேட்காமல் யாருடைய மருத்துவப் பதிவையும் பார்க்கக் கூடாது. போனில் வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

படிக்கத் தெரிந்தவர் செய்யக் கூடியவை

• தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வைத்தல். அடுத்த ஊசி போட வேண்டிய தேதியைப் படித்துப் பார்த்தல்.
• அட்டையில் பெயர், வயது, தேதி, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்தல். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுதல்.
• வேலைக்கு வெளியூர் போகும்போது மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் போதல்.
• ஒரே தெருவில் பலருக்கு ஒரே நோய் வந்தால் செவிலியருக்கு உடனே சொல்லுதல்.
• வெளியூரிலிருந்து வந்து தங்கிய குடும்பத்தின் குழந்தையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுதல்.
• கிராம சபையில் ஊரின் சுகாதாரக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டல்.

இவற்றுக்குக் கணிப்பொறி தேவையில்லை. எழுத்தறிவும் அக்கறையும் போதும். அந்த அட்டையில் சரியாக எழுதிய ஒரு வரியிலிருந்துதான் டில்லிக் கணிப்பொறியின் கணக்கும் தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

பதிவேடு – விவரங்களை எழுதி வைக்கும் புத்தகம்
கண்காணிப்பு – தொடர்ந்து கவனித்து வருதல்
வட்டாரம் – பல கிராமங்கள் சேர்ந்த பகுதி
ஆய்வுக் கூடம் – சோதனை செய்யும் இடம்
சம்மதம் – ஒப்புதல்

பேசுவோம், எழுதுவோம்

1. போலியோ முகாமில் வீட்டுச் சுவரில் குறி போட்டது ஏன்?
2. நோய்க் கணக்கைக் குறைத்து எழுதினால் யாருக்கு நஷ்டம்?
3. உங்கள் ஊரில் எந்தக் குடும்பங்கள் பட்டியலில் விடுபட்டிருக்கலாம்? குழுவாகப் பேசி எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டுக் குழந்தையின் அட்டையைப் பாருங்கள். அடுத்த ஊசிக்கு உரிய தேதியை எழுதுங்கள்.