போக்கர் கத்துக்கணுமா? முதல்ல சீட்டைக் கீழ வைக்கப் பழகுங்க



நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாசம். ரூம்ல நாலு பேர், வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒரு சீட்டுக்கட்டு. ஒரே ஆட்டத்துல 1,800 ரூபாய் போச்சு. அன்னிக்கு அது எனக்கு அரை மாச மெஸ் காசு. கடுப்பு என்னன்னா, என் சீட்டு தேறாதுன்னு பாதியிலேயே எனக்குத் தெரியும். "ஏற்கெனவே 900 போட்டாச்சே, இப்ப எப்படி விடறது?"ன்னு மேல மேல வச்சேன்.

அதனால இந்தப் பாடம் பணம் இல்லாம ஆடறவங்களுக்கு. பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேம்களை நடத்தறது, விளம்பரம் பண்றது ரெண்டையும் 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணிடுச்சு. "எங்ககிட்ட ஆடலாம்"னு லிங்க் வந்தா தொடாதீங்க. ஆளுக்கு 500 புளியங்கொட்டை எடுத்துக்கோங்க, போதும். ஆனா தீர்ந்தா தீர்ந்ததுதான், கடன் கிடையாது. அவங்க எழுந்து போய் எல்லாருக்கும் டீ போடணும். இந்த ரூல் இல்லன்னா எல்லாரும் எல்லா சீட்டுக்கும் வைப்பாங்க, ஒண்ணும் கத்துக்க முடியாது.

டெக்ஸாஸ் ஹோல்டெம்ல கையில ரெண்டு சீட்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. நடுவுல சேர்ற பந்தயம்தான் பாட். புதுசா ஆடறவங்க செய்யற பெரிய தப்பு, நிறைய சீட்டுக்கு ஆடறது. கையில ரெண்டு ஏஸ் வர்ற வாய்ப்பு 221-ல ஒண்ணுதான். பெரும்பாலான நேரம் வர்றது சுமாரான சீட்டு. அதைப் பந்தயம் வைக்காம ஃபோல்டு பண்றதும் ஆட்டம்தான்.

இப்ப முக்கியமான கணக்கு. கையில ரெண்டு ஆட்டின், மேசையில திறந்த நாலு சீட்டுல ரெண்டு ஆட்டின். இன்னொரு ஆட்டின் வந்தா ஃப்ளஷ், நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு வச்சுக்கலாம். நீங்க பார்க்காத சீட்டு 46, அதுல ஆட்டின் 9. வாய்ப்பு 19.6 சதவீதம். கால்குலேட்டர் வேணாம்: ஒரு சீட்டு பாக்கின்னா, உதவற சீட்டு எத்தனையோ அதை ரெண்டால பெருக்குங்க. 18, கிட்டத்தட்ட சரி.

பாட்ல 200 கொட்டை இருக்கு, எதிராளி 100 வைக்கறார். நீங்களும் 100 வச்சா மொத்தம் 400. அதுல உங்க 100 கால் பங்கு, அதாவது 25 சதவீத வாய்ப்பாவது வேணும். உங்ககிட்ட இருக்கறது 20கூட இல்ல. இதையே 100 தடவை செஞ்சு பாருங்க: சுமார் 20 தடவை 300 வரும், 80 தடவை 100 போகும். வரவு 6,000, செலவு 8,000. ஃபோல்டு பண்ணுங்க.

அதே சீட்டு, எதிராளி 40 மட்டும் வைக்கறார்னா? 280-ல உங்க 40, சுமார் 14 சதவீதம். இப்ப தாராளமா கால் பண்ணலாம். சீட்டு மாறல, விலைதான் மாறுச்சு.

கவனிச்சீங்களா, பாட்ல இருக்கற 200-ல நீங்க எவ்வளவு போட்டீங்கன்னு கணக்குல எங்கயும் வரல. போட்டது பாட்டோடது, உங்களோடது இல்ல. நான் தோத்த 1,800 இந்த இடத்துலதான் போச்சு. "மூணு வருஷம் பிரீமியம் கட்டிட்டேன் ப்ரோ, பாலிசியை எப்படி விடறது?"ன்னு கேக்கறவங்களும் இதே இடத்துலதான் நிக்கறாங்க. கட்டினதை விட்டுத்தள்ளுங்க. இப்ப சரண்டர் பண்ணா கையில எவ்வளவு வரும், இனி கட்டப்போற பணத்துக்கு என்ன கிடைக்கும், இந்த ரெண்டை மட்டும் ஒப்பிடுங்க. சில சமயம் தொடர்றதுதான் லாபமா இருக்கும், அதையும் கணக்கு சொல்லட்டும்.

இன்னொரு பொறி, தப்பா கால் பண்ணி ஜெயிக்கறது. 2003-ல அமெரிக்காவுல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுண்டன்ட் போக்கர் உலகத் தொடர்ல 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். கூட ஆடின 838 பேர் கதை தெரியாது. அதனால ஒரு நோட்டு வைங்க. ஜெயிச்சதா தோத்ததான்னு எழுதாதீங்க. எவ்வளவு வாய்ப்பு தேவைப்பட்டுச்சு, எவ்வளவு இருந்துச்சு, என்ன செஞ்சேன், அவ்வளவுதான். என் நோட்டுல முதல் வாரம் பாதிக்கு மேல தப்பு.

ஒரு கணக்கு தர்றேன். அதே நாலு ஆட்டின், ஒரு சீட்டு பாக்கி. பாட்ல 150, எதிராளி வைக்கறது 50. கால் பண்ணுவீங்களா? போட்டுப் பாருங்க, மயிரிழையில நிக்கும். நான் ஃபோல்டு பண்ணுவேன்.